தரைதட்டுவதற்காகவே போன கப்பல்

கப்பல்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'தரைதட்டியது' என்பதுதான். தீப்பிடித்தது என்றால் அணைக்கலாம். இன்ஜின் நின்றுவிட்டது என்றால், திட்டிக்கொண்டே நாங்கள் இறங்கிச் சரிசெய்வோம். தரைதட்டினால் கேப்டனின் வேலை போகும், விசாரணை வரும், கப்பலின் பெயரே கெட்டுப்போகும். அதனால்தான் அன்றைக்கு சீஃப் இன்ஜினீயர் சொன்னது எனக்குச் சட்டென்று புரியவில்லை.

பல்க் கேரியர் ஒன்றில் தேர்டு இன்ஜினீயராக இருந்தேன். ருமேனியாவில் கோதுமை ஏற்றுவதற்காக மத்தியதரைக் கடலிலிருந்து காலி ஹோல்டுகளோடு, அதாவது சரக்கு அறைகளோடு, நிலைக்காக ஏற்றிய பல்லாஸ்ட் தண்ணீரில், கருங்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். டார்டனெல்ஸ் ஜலசந்தி வாசலில் பைலட்டுக்காக வேகத்தைக் குறைத்திருந்தார்கள். வாட்ச் முடிந்து மூச்சு வாங்க மேலே வந்தேன். இடதுபக்கம் ஐரோப்பியக் கரையின் நுனியில் ஒற்றைத் தூண் ஒன்று நட்டுவைத்தாற்போல நின்றது. கொஞ்சம் தள்ளி, நாலு கால் மேஜையைப் பெரிதாக்கி வைத்த மாதிரி இன்னொன்று.

"சார், அது என்ன?"

"யுத்தம் நடந்த இடம்பா. தூண் வெள்ளைக்காரன் கட்டினது. அந்த மேஜை துருக்கிக்காரன் கட்டினது. நடுவுல தெரியுது பார், சின்ன வளைவு, ஒரு கோட்டை. அங்கதான் ஒரு சரக்குக் கப்பலைக் கொண்டுபோய் ஏத்தினாங்க."

"தெரியாம ஏறிடுச்சா?"

"தெரிஞ்சேதான். கிரவுண்ட் பண்ணுன்னு ஆர்டர்."

அதற்குள் இன்ஜின் ரூமிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பத்து நிமிடம்கூட நான் அந்தக் கரையைப் பார்க்கவில்லை. ஆனால் 'கிரவுண்ட் பண்ணுன்னு ஆர்டர்' என்பது மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கரைக்கு வந்த பிறகு வருஷக்கணக்காக அந்தக் கப்பலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

பெயர் ரிவர் கிளைட். ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் உள்ள போர்ட் கிளாஸ்கோவில், ரசல் அண்ட் கம்பெனி என்ற கட்டுமானத் தளத்தில் 1905-இல் பிறந்தது. 3,900 டன்னுக்குச் சற்றுக் கூடுதல், நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். ஆற்றின் பெயரையே வைத்துவிட்டார்கள், பெரிதாக யோசிக்கவில்லை. யோசிக்கும்படியான கப்பலும் இல்லை. அந்தக் கரையில் அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. இரண்டு தளம், முன்னும் பின்னும் ஹோல்டுகள், நடுவில் பாய்லரும் இன்ஜினும், உயரமான ஒற்றைப் புகைபோக்கி.

நிலக்கரிக் கப்பல் என்றே பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நிலக்கரியும் ஏற்றியிருக்கும். ஆனால் அது டிராம்ப் ரகம். இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு என்று பஸ் மாதிரி ரூட் கிடையாது. நம் ஊர் நேஷனல் பெர்மிட் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே போகும், இறக்கிய ஊரில் அடுத்த லோடு தேடும். நான் வேலை பார்த்த கப்பல்கள் எல்லாம் இந்த ஜாதிதான். போட்டோ எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும், வணிகக் கப்பல்களை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைப் பிரிட்டிஷ் கடற்படைக்கு அரச பிரகடனம் கொடுத்தது. தேர்தல் சமயத்தில் தனியார் வேன்களை அரசாங்கம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதை. முதலாளி மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாடகை உண்டு, ஆனால் ரேட்டைப் பேசுவது அவர் கையில் இல்லை. போர்க்கப்பல் என்பது தானாக ஓடுகிற பொருள் இல்லை. அதற்கு நிலக்கரி கொண்டுவர ஒரு கப்பல், குண்டு கொண்டுவர ஒரு கப்பல், சோறு கொண்டுவர ஒரு கப்பல், குதிரைக்குப் புல் கொண்டுவர ஒரு கப்பல் வேண்டும். அந்தப் போர் என்றதும் நம் வீடுகளில் ஞாபகம் வருவது 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்ட எம்டன். கெட்டிக்கார ஆளை 'அவன் எம்டன்டா' என்று இன்னமும் சொல்கிறோம். அந்த எம்டனே பிடிபட்ட நிலக்கரிக் கப்பல்களைக் கூடவே வைத்துக்கொண்டுதான் இந்தியப் பெருங்கடலைச் சுற்றியது. அவற்றின் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா?

ரிவர் கிளைடும் அப்படித்தான் போயிருக்கும். 1915 ஏப்ரலில் ஏஜியன் கடலில் லெம்னோஸ் தீவின் முட்ரோஸ் துறைமுகத்தில் நின்றபோது, கோவேறு கழுதைகளை ஏற்றி இறக்கிய நாற்றத்தோடு, கழுவாத ஹோல்டுகளோடு இருந்தது. கால்நடை ஏற்றிய ஹோல்டைக் கழுவிய அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் மீன்தூள் ஏற்றிய ஹோல்டைக் கழுவியிருக்கிறேன். அந்த வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை எழுதியவர்கள் ஏராளம். எதிரி துருக்கியின் கையில் இருந்த டார்டனெல்ஸ் ஜலசந்தியைப் போர்க்கப்பல்களை மட்டும் வைத்துப் பிடிக்கப் பார்த்த பிரிட்டனும் பிரான்சும் மார்ச் 18 அன்று கண்ணிவெடிகளில் மூன்று பெரிய கப்பல்களை இழந்தன. சரி, கரையில் ஆளை இறக்கிக் கோட்டைகளைப் பிடிப்போம் என்று திட்டம் மாறியது. ஜலசந்தியின் ஐரோப்பியக் கரையான கலிபோலியின் முனையில் இறங்கும் இடங்களுக்கு எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்று எழுத்து வைத்தார்கள். செத்துல்பாஹிர் கோட்டையை ஒட்டிய சின்ன வளைவுதான் வி. துருக்கியர்கள் அதை எர்துருல் குடா என்பார்கள். நான் டெக்கிலிருந்து பார்த்தது அதைத்தான். முந்நூறு மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். மூன்று பக்கமும் நிலம் படிப்படியாக ஏறும். நாடகக் கொட்டகையில் மேடை இருக்கும் இடத்தில் மணல், ஜனம் உட்காரும் இடத்தில் துப்பாக்கி.

துடுப்புப் படகில் வைத்து ஆட்களை இறக்கினால் மெதுவாகும், கொஞ்சம் பேர்தான் ஒரு நேரத்தில் போக முடியும். அப்போது ஒரு யோசனை சொன்னவர் கமாண்டர் எட்வர்ட் அன்வின். வயது ஐம்பத்தொன்று. சிறு வயதிலேயே வணிகக் கப்பலில் சேர்ந்து, பாய்மரமும் நீராவியும் பார்த்து, அப்புறம் கடற்படைக்கு வந்தவர். ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாயிரம் பேரை அடைத்து நேராகக் கரையில் மோதிவிடலாம் என்றார். இந்த யோசனை வணிகக் கப்பலில் வேலை பார்த்தவருக்குத்தான் தோன்றும். ஹோல்டு என்பது எவ்வளவு பெரிய கிடங்கு, பக்கத் தகடு எதைத் தாங்கும், வெறும் கப்பலின் முன்பக்கம் எவ்வளவு தூக்கி நிற்கும் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கவேண்டும். எதிர்க்கரையில், கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் பழைய டிராய் நகரம் புதைந்து கிடந்தது. எனவே, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்து டிராய்க்குள் போன கதையின் மரக்குதிரை என்று எல்லோரும் பெயர் வைத்தார்கள். கிண்டலா நம்பிக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியாத பெயர்.

செய்த மாற்றங்களைப் பார்த்தால் எனக்கு கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் டிரை டாக்கின் வேலைப் பட்டியலைப் படிப்பது போல இருக்கிறது. மேல்தளத்துக்கும் அடி ஹோல்டுக்கும் நடுவில் இருக்கும் ட்வீன் டெக் மட்டத்தில், கப்பலின் பக்கத் தகட்டை வெட்டி வாசல்கள் வைத்தார்கள். இரு பக்கமும் சேர்த்து எட்டு. வாசலிலிருந்து அணியம், அதாவது கப்பலின் முன்முனை, வரை கப்பலின் வெளிப்பக்கத்தை ஒட்டிக் கயிற்றில் தொங்கும் பலகை நடைபாதை. முன்பக்கத்தில் மணல்மூட்டை, இரும்புத் தகடு, அதன் பின்னால் இயந்திரத் துப்பாக்கிகள். கரையின் நிறத்தோடு கலக்கட்டும் என்று காக்கி பெயிண்ட். பெயிண்ட் வேலை முடியவில்லை. பழைய புகைப்படங்களில் பாதி அடித்த சுவர் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். எந்தக் கப்பலில்தான் பெயிண்ட் வேலை நேரத்துக்கு முடிந்திருக்கிறது!

தண்ணீரின் கணக்குதான் எல்லாவற்றிலும் முக்கியம். இவ்வளவு பெரிய கப்பல் தரைதட்டும்போது அணியத்தின் அடியில் இன்னும் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அதற்காக ஒரு ஹாப்பர், அதாவது ஆழப்படுத்தும்போது தோண்டிய சேற்றை அள்ளிப்போகிற தட்டையான நீராவிப் படகு, கூடவே வரும். கப்பல் நின்றதும் அது முன்னால் பாய்ந்து கரையில் ஏறவேண்டும். அது தவறினால் பயன்படட்டும் என்று சில பார்ஜுகளையும், அதாவது தட்டையான சரக்குப் படகுகளையும், பக்கத்தில் கட்டி இழுத்துவந்தார்கள்.

ஏப்ரல் 25 காலை, ஆறரைக்குச் சற்று முன்னால், ரிவர் கிளைட் தரையில் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள், ராயல் மன்ஸ்டர் ஃப்யூசிலியர்ஸ். கூடவே ஹாம்ப்ஷயர் படையின் இரண்டு கம்பெனிகளும் டப்ளின் படையின் ஒரு கம்பெனியும். டப்ளின் படையின் மற்றவர்கள் அதே நேரத்தில் படகுகளில் வந்தார்கள். அதிர்ச்சியே தெரியாமல் மெத்தென்று ஏறியதாம். உடைப்பதற்காகக் கப்பலை மணலில் ஏற்றுகிறவர்கள் அலை பொங்கும் நேரம் பார்த்து, முழு வேகத்தில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கப்பல் நிலத்தில் நிற்கும். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மெத்தென்று ஏறினால் மெத்தென்றுதான் நிற்கும், கரைக்கு எட்டாமல். அன்வின் நினைத்த தூரத்துக்குக் கப்பல் போகவில்லை. ஹாப்பர் இடதுபக்கம் திரும்பிக்கொண்டு குறுக்காக மாட்டியது. பாலம் இல்லை.

நான் இன்ஜின் ரூம் ஆள். அதனால் இந்த இடத்தில் எப்போதும் கீழே இருந்தவர்களைத்தான் நினைக்கிறேன். பாய்லருக்குக் கரி போடும் ஃபயர்மேன்களுக்குக் கரை தெரியாது, கோட்டை தெரியாது. மேலிருந்து உத்தரவு சொல்லும் டெலிகிராஃப் மணி அடித்தது, கப்பல் நின்றது, அப்புறம் தகட்டில் ஆலங்கட்டி மழை விழுகிற சத்தம். பாய்லரில் நீராவியை இறக்கவும் முடியாது, ஏற்றிவைத்து ஓடவும் வழியில்லை. எந்த நினைவுத்தூணிலும் 'நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்' என்று யாருக்கும் எழுதிவைப்பதில்லை.

மேலே நடந்தது வேறு. அன்வின் கப்பலை விட்டு இறங்கினார், தண்ணீருக்குள். வில்லியம் வில்லியம்ஸ் என்ற மாலுமியும் கூடவே. இருவரும் பார்ஜுகளை இழுத்து வந்து அணியத்துக்கும் கரையோரப் பாறைக்கும் நடுவே நிறுத்தினார்கள். கட்டுவதற்கு எதுவும் இல்லை. வடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் தாங்களே கட்டுத்தறியாக நின்றார்கள். ஜெட்டியில் வடம் போடும் வேலையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அலையில் ஆடுகிற பார்ஜ் ஒன்று ஆளை எப்படி இழுக்கும் என்று. அதைத் தோட்டாக்களுக்கு நடுவே செய்தார்கள். பாலம் வந்துவிட்டது என்று வாசல்களிலிருந்து மன்ஸ்டர் படை இறங்கியது. ஒருவர்பின் ஒருவராக ஒரே பலகையில். எதிரில் மேட்டில் இருந்த துருக்கியப் படை சின்னதுதான், ஆனால் அவர்கள் குறிபார்க்கவேண்டிய இடம் எட்டே வாசல்கள். முதலில் இறங்கிய சில நூறு பேரில் கரை மணலைத் தொட்டவர்கள் கொஞ்சம். தொட்டவர்கள் இடுப்பளவு மண்மேட்டின் மறைவில் தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தார்கள். வில்லியம்ஸ் சுடப்பட்டார். அவர் மூழ்கிவிடக்கூடாது என்று அன்வின் அவரைப் பிடிக்க, வடம் கைநழுவியது, பார்ஜ் விலகியது, பாலம் அறுந்தது. ஒரு மனிதரைப் பிடிப்பதா கயிற்றைப் பிடிப்பதா என்று அந்த நொடியில் கணக்குப் போட்டிருப்பாரா? போட்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மேலே விமானத்தில் பறந்த சார்லஸ் சாம்சன், கரையிலிருந்து ஐம்பது கஜம் வரை கடல் சிவப்பாக இருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். பிரிகேடியர் ஜெனரல் நேப்பியர் படகில் வந்தவர். பார்ஜ் நிறைய ஆட்கள் படுத்திருப்பதைப் பார்த்து, அவர்களை முன்னால் நடத்திப்போகத் தாவி ஏறினார். அவர்கள் எல்லோரும் பிணங்கள். கொஞ்ச நேரத்தில் அவரும்.

இறக்குவதை நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் பகல் முழுவதும் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள். ஆசியக் கரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகள் ஹோல்டுக்குள் விழுந்து சிலரைக் கொன்றன. ஆனாலும் பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். இருட்டியதும் அதே வாசல்கள் வழியாக இறங்கினார்கள், பெரிய சேதம் இல்லாமல். மரக்குதிரையாகக் கப்பல் தோற்றது. ஆனால் கிடங்காக, சுவராக, இரும்புப் பெட்டியாக அது தன் வேலையைச் செய்தது. சரக்கைப் பத்திரமாக வைத்திருப்பதுதானே அது பத்து வருஷமாகப் பழகிய வேலை.

மறுநாள் கோட்டையும் கிராமமும் பின்னால் இருந்த குன்றும் பிடிபட்டன. கப்பலிலிருந்து போய் அந்தத் தாக்குதலை நடத்திய லெப்டினன்ட் கர்னல் டௌட்டி-வைலி குன்றின் மேலேயே இறந்தார். அங்கேயே தனிக் கல்லறை. துருக்கியர் பக்கத்தில் அந்தக் கரையைக் காத்தவர்களில் யஹ்யா சாவுஷ் என்ற சார்ஜென்ட்டின் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்த பெயர், அவருக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. வந்தவர்கள் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிக் கதை, ஊரைக் காத்தவர்கள் அவர்கள்.

இங்கே பெரும்பாலும் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கோ இதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம். கப்பல் அங்கேயே நின்றது. இழுத்துப்போக யாரும் அவசரப்படவில்லை, ஏனென்றால் உடனடியாக அது பயன்பட ஆரம்பித்துவிட்டது. அதன் மறைவில் அலை அடங்கியது, எனவே அலைதாங்கி. அதன் பக்கத்தில் படகு கட்டினார்கள், எனவே ஜெட்டி. உள்ளே காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள், எனவே ஆஸ்பத்திரி. டாக்டர் பரோஸ் கெல்லி காலில் குண்டுக் காயத்தோடு அங்கேதான் மற்றவர்களுக்குக் கட்டுப்போட்டார். வி கரை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. நவம்பரில் அவர்கள் மசேனா என்ற தங்கள் பழைய போர்க்கப்பலையே பக்கத்தில் மூழ்கடித்து அலைதாங்கியை நீட்டினார்கள். ஒரு காலத்தில் கொடியேற்றி வலம்வந்த போர்க்கப்பலும் கழுதை ஏற்றிய சரக்குக் கப்பலும் ஒரே வேலையில் பக்கத்துப் பக்கத்தில். எட்டு மாதங்களுக்கு மேல் ஆசியக் கரைப் பீரங்கிகள் அவ்வப்போது சுட்டுக்கொண்டே இருந்தன. 1916 ஜனவரி 8 இரவு கடைசிப் படை வெளியேறியபோதும் வி கரையில் இந்தக் கப்பலின் ஓரமாகத்தான் படகேறினார்கள்.

அந்தக் காலை வேலைக்காகக் கப்பலில் இருந்த ஆறு பேருக்கு, வீரத்துக்கான பிரிட்டனின் உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அன்வின், வில்லியம்ஸ், ஜார்ஜ் ட்ரூரி, ஜார்ஜ் சாம்சன், வில்ஃப்ரெட் மாலசன், ஆர்தர் டிஸ்டால். வில்லியம்ஸ் அன்றே போய்விட்டார். டிஸ்டால் அடுத்த மாதம் சண்டையில். ஜார்ஜ் சாம்சனுக்கு உடம்பெல்லாம் காயம். ஊருக்குத் திரும்பிச் சாதாரண உடையில் போனபோது, போருக்குப் போகாத கோழை என்று யாரோ அவர் கையில் வெள்ளை இறகைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1923-இல் பெர்முடாவில் நிமோனியாவில் இறந்தார்.

என்னை அதிகம் படுத்துவது ட்ரூரியின் முடிவு. பி அண்ட் ஓ கம்பெனியிலிருந்து வந்த வணிகக் கப்பல் பையன், அன்றைக்கு வயது இருபது. ஹாப்பரை ஓட்டியவர் அவர். அது மாட்டிக்கொண்ட பிறகு தண்ணீருக்குள்ளும் பார்ஜுகளுக்கு நடுவிலும் மாறி மாறி ஓடியவர். தலையில் அடிபட்டு, கட்டுப்போட்டுக்கொண்டு, மறுபடி கயிற்றோடு நீந்தப் போனார். அத்தனையையும் தாண்டியவர், 1918 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில், தான் தலைமை வகித்த சின்னக் கப்பலின் டெக்கில் நின்றபோது, சரக்கு தூக்கும் டெரிக்கிலிருந்து ஒரு கப்பி கழன்று தலையில் விழுந்து இறந்தார். இருபத்துமூன்று வயது. டெரிக்கின் கீழே நிற்காதே என்று டெக் ஆட்களை மேய்க்கும் எங்கள் போசன் ஒவ்வொரு கேடட்டின் காதையும் பிடித்துத் திருகாத குறையாகச் சொல்வார். எனக்கு எதிரேயே ஒரு முறை கப்பி ஒன்று ஹேட்ச் ஓரத்தில் வந்து விழுந்தது. டெக் தகட்டில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். யாரும் பேசவில்லை. போசன் கப்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போர் முடிந்ததும் 1919-இல் ரிவர் கிளைடை மணலிலிருந்து மிதக்கவிட்டார்கள். அத்தனை மாதம் குண்டடி வாங்கி, நாலு வருஷம் தரையில் குந்தியிருந்த கப்பல்! மால்டாவுக்கு இழுத்துப்போய் ஓட்டைகளை அடைத்து, 1920-இல் ஸ்பெயின்காரர்களுக்கு விற்றார்கள். ஆஞ்சலா என்று பெயர் மாறியது. பின்னர் மருஹா இ அவுரோரா. இரண்டு பெண்களின் பெயர், முதலாளி வீட்டுப் பெண்களாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். சரக்கு ஏற்றியது, இறக்கியது, பாய்லரில் கரி போட்டது, துரு சுரண்டியது, பெயிண்ட் அடித்தது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரும், அடுத்த உலகப் போரும் வந்து போயின. 1905-இல் செய்யத் தொடங்கிய வேலையை 1960-களிலும் செய்துகொண்டிருந்தது. புகழெல்லாம் ஒரு காலைப்பொழுதுக்கு. மற்ற அறுபது வருஷமும் லோடுதான்.

அதில் வேலை பார்த்த ஸ்பானிய மாலுமிகளை நினைத்துப் பார்ப்பேன். நான் அந்தக் கப்பலில் வேலைக்குச் சைன் ஆன் செய்திருந்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் ட்வீன் டெக்குக்குத்தான் இறங்கியிருப்பேன். பக்கத் தகட்டில் பழைய ரிவெட் வரிசைக்கு நடுவே வேறு ஆட்கள் வேறு ஊரில் அடித்த ரிவெட் தனியாகத் தெரியும், பெயிண்ட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும். கையை வைத்தால் போதும். ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்கு, எட்டு இடத்தில்.

கப்பலை உடைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, வாங்கிக்கொண்டுவந்து நினைவுச்சின்னமாக வைக்கலாம் என்று பிரிட்டனில் சிலர் முயன்றார்கள். செலவு அதிகம் என்று நடக்கவில்லை. 1966-இல் ஸ்பெயினின் வடக்குக் கரையில் அவிலேஸ் என்ற துறைமுகத்தில் வெட்டிப் போட்டார்கள். அன்வின் 1950-லேயே போய்விட்டிருந்தார். ஆறு பேரில் அப்போது மிச்சமிருந்தவர் மாலசன் மட்டும். கரையில் பாலம் அறுந்தபோது பதினெட்டு வயது மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சியில் இருந்த இளம் அதிகாரி. கப்பலை விட ஒன்பது வருஷம் கூடுதலாக இருந்தார்.